சிரட்டையில் ஒரு சோழி

இருநூற்றுப் பதினோராவது தாக்குதல் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நடந்தது. கொடிய மந்திரவாதி சொரிமுத்து இந்த முறை அனுப்பியது பேத்தை மீன்களை. நூறு இருநூறு அல்ல, ஆயிரத்துக்கும் மேல். பாறைக்கு அடியில் பதுங்கி வந்து, சமுத்திரச் சிங்கத்தின் காலடியில் கூடி, எல்லாம் ஒரே நேரத்தில் வயிற்றை ஊதிக்கொண்டன. பதினெட்டு பாகம், அதாவது நூறு அடிக்கும் மேலான ஆழத்தில் கைகட்டி கம்பீரமாக நின்றிருந்த மாவீரர், கொடைவிழாவில் கயிறு அறுந்த பலூன் போல மேலே கிளம்பிவிட்டார்.

"ஏட்டி ஜெசிந்தா! குத்துட்டி, குத்து!" என்ற அலறல் அவளுடைய காதுக் கருவியில் கேட்டது.

ஜெசிந்தா ஈட்டியின் மொட்டை முனையால் ஒவ்வொரு பேத்தையின் விலாவிலும் குத்தினாள். புஸ் புஸ்ஸென்று அவை சுருங்கின. மாவீரர் சிவப்பு அங்கவஸ்திரம் முகத்தில் சுற்றிக்கொள்ள, கையால் துழாவியபடி தரைக்கு வந்து சேர்ந்தார். "ஒழிந்தான் கயவன்!" என்று முழங்கினார். அதைக் கேட்க அங்கே ஜெசிந்தாவும் கடல் அட்டைகளும் மட்டும்தான் இருந்தார்கள்.

சமுத்திரச் சிங்கம் என்ற பட்டம் அரசாணையில் வந்தது. பெற்றோர் வைத்த பெயர் கஸ்பார். மன்னார் வளைகுடாவின் அடியில் மீன்வளத் துறை ஒரு கடல் அட்டைப் பண்ணை போட்டபோது, இரவும் பகலும் அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. காவலாள் என்று விளம்பரம் கொடுத்தார்கள், ஒரு ஈ காக்கை வரவில்லை. மாவீரர் என்று மாற்றினார்கள், நானூறு பேர் வந்தார்கள். கஸ்பாரின் விலாவில் செவுள் வைத்துத் தைத்து, தோளில் அங்கவஸ்திரம் போட்டு இறக்கிவிட்டார்கள். இறங்கிய அன்றே ஒரு சுறாவின் மூக்கில் குத்தினார். அந்தப் படம் தூத்துக்குடியில் சலூன் கடைகளில்கூட மாட்டப்பட்டது.

ஜெசிந்தா அவருடைய துணை, 'குட்டிச் சிங்கம்', வயது பத்தொன்பது. அவளுக்கு இருந்தது கழுத்தில் ஒட்டும் தற்காலிகச் செவுள். ஆறு மாதம்தான் உழைக்கும், சாயங்காலமானால் கரையேறிவிட வேண்டும். வருகிற திங்கட்கிழமை அவளுக்கும் நிரந்தரச் செவுள் தைப்பதாக இருந்தது. அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். காரணம் வீரமல்ல, மூச்சு. மூன்று வயதிலிருந்து அவளுக்கு வீசிங். தரையில் ஒரு படி ஏறினால் நெஞ்சுக்குள் பூனை கத்தும். எப்போதும் இன்ஹேலரும் கையுமாக இருந்ததால் பள்ளிக்கூடத்தில் அவளை 'பம்ப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். கடலுக்குள் இறங்கிய முதல் நாள், செவுள் தண்ணீரைக் குடித்து மூச்சாக மாற்றிக் கொடுத்தபோது, மற்றவர்கள் எல்லாம் பிறந்ததிலிருந்து இப்படித்தான் சுகமாக இருக்கிறார்களா என்று நினைத்து அழுதுவிட்டாள். நிரந்தரச் செவுளுக்கு விலையும் உண்டு. தைத்த ஒரு மாதத்தில் நுரையீரல் சுருங்கிப்போகும், பிறகு கரைக்கு வந்தால் கால் மணி நேரத்தில் உயிர் போய்விடும். இப்போதே சரியாக வேலை செய்யாத நுரையீரல், போனால் போகட்டும் என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அன்று மாலை கரை அலுவலகத்தில் வழக்கம்போல் தாக்குதல் அறிக்கை எழுதினாள். 'தாக்குதலின் திசை' என்ற கட்டத்தில் 'மேல்நோக்கி' என்று எழுதும்போது கை நின்றது. போன வாரம் சுழல்காற்று மாதிரி ஒரு நீர்ச்சுழி வந்தது, அதுவும் மேல்நோக்கி. அதற்கு முன்பு சொறி மீன்கள் படைபோல் வந்து தள்ளின, அதுவும் மேல்நோக்கி. பழைய அறிக்கைகளை எடுத்துப் புரட்டினாள். ஏழு வருடத் தாக்குதல்களில் ஒன்றில்கூட மாவீரருக்கு ஒரு சிராய்ப்பு இல்லை. எல்லாம் மேல்நோக்கியே.

கொல்ல நினைப்பவன் ஒரு தடவையாவது கீழே அமுக்கிப் பார்க்க மாட்டானா?

புதன்கிழமை மாலை வத்தை எனும் சிறு படகு ஒன்றை இரவல் வாங்கி, தானே தண்டு வலித்துக்கொண்டு, மந்திரவாதி இருக்கும் மூணுமரத் திட்டுக்குப் போனாள். பெயர்தான் மூணுமரம், அங்கே புல்கூட இல்லை. மணலில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி, அதில் கால்களைக் கணுக்கால்வரை கடலுக்குள் விட்டபடி ஐம்பது வயது ஆள் ஒருவர். பக்கத்தில் பாதி மூழ்கிய செம்புக்குடம், அதிலிருந்து லாரி பாட்டரிக்கு ஒயர், நாற்காலிக் கையில் கட்டிய அலாரக் கடிகாரம். மந்திரவாதியின் கண்கள் கொடூரத்தால் சிவந்தவை என்று செய்தித்தாள்கள் எழுதும். கிட்டத்தில் பார்த்தால் அது தூக்கமில்லாத சிவப்பு.

"கொடிய மந்திரவாதியே, உன்னை..." என்று ஈட்டியை நீட்டினாள். தண்டு வலித்த களைப்பில் மூச்சு அடைத்துக்கொண்டது. மீதி வசனம் வரவில்லை.

"இரு, இரு. மொதல்ல மூச்சு விடு. பம்ப்பு கொண்டாந்தியா? அடி" என்றார் அவர். அவள் அடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார். "நீதானே அந்தக் குட்டிச் சிங்கம்? ஏறியாச்சா?"

"இங்கனதான நிக்கேன்?"

"வாயால சொல்லணும்."

"ஏறியாச்சு."

"நல்லது." மடியிலிருந்த தேங்காய்ச் சிரட்டைக்குள் கைவிட்டு ஒரு சோழியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே இன்னொரு சோழி கிடந்தது. "மந்திரவாதி, கிந்திரவாதின்னு கூப்பிடாத. மாமான்னு கூப்பிடு. நான் கடல்கட்டி, சுறா வாயக் கட்டுறவன்."

அதற்குள் அலாரம் அடித்தது. அவர் குடத்தின் பக்கம் குனிந்து, ஒரே மூச்சில், முக்கால் நிமிடம் எதையோ சொன்னார். பாதி தமிழ், மீதி எந்த மொழி என்பது சுறாவுக்குத்தான் வெளிச்சம். குடத்தைச் சுற்றித் தண்ணீர் மயிர்க்கூச்செறிந்து அடங்கியது.

"என்ன மாமா இது?"

"சுறா மூக்குல சின்னச் சின்னதா குழி இருக்கு. அத வச்சுத் தண்ணிக்குள்ள கரண்டை மோந்து பாக்கும். எங்க ஆளுக முத்துக்குளி காலத்துல சுறா வாயக் கட்டுனவங்க. நான் பிஸிக்ஸ் படிச்சவன். அதே மந்திரத்த இந்தக் குடம் வழியா கரண்டா மாத்தி விடுதேன். தாடை மரத்துப்போவும். ரெண்டு விரக்கட அளவுக்குத்தான் தொறக்கும். ஒரு மணி நேரம் தாங்கும்."

"அதான் எல்லாச் சுறாவும் நோஞ்சானா திரியுதா?"

"பாவம், ஏழு வருசமா நெத்திலிக் குஞ்ச உறிஞ்சிக் குடிச்சிக்கிட்டுக் கெடக்கு."

"ரெக்கார்டு பண்ணி ஓடவிட வேண்டியதுதானே?"

"அதுவும் செஞ்சேன். மூணே நாள்ல சுறாவுக்குப் பழகிட்டு. மணிக்கு ஒருக்க ஆளு சொன்னாத்தான் கட்டு நிக்கும்." சிரட்டையை அவள் பக்கம் சாய்த்துக் காட்டினார். "கடல்ல எறங்குறவன் ஆளுக்கொரு சோழி இதுல போடுவான். ஏறுனதும் ஏறியாச்சுன்னு சொல்லி, அவனவன் சோழிய எடுத்துக்கிடுவான். உனக்கு நானே போட்டு நானே எடுத்துக்கிடுதேன். கடைசிச் சோழி போனா நாங்க மந்திரத்த நிறுத்திருவோம். சுறாவும் சாப்பிடணும்லா."

"அப்ப இது யாரு சோழி?"

சொரிமுத்து சிரித்தார். தூக்கம் கெட்டவர்களுக்கு மட்டும் வரும் சிரிப்பு அது. "உங்க சிங்கத்தோடதுதான். தொறப்பு விழாவுக்குப் பாரம்பரியமா ஏதாச்சும் வேணும்னு தொறையில கேட்டாவ. எனக்குத் தலப்பா கட்டி நிறுத்துனாவ. மேளம் அடிச்சாவ. கஸ்பாரு போட்டோவுக்கு நின்னு சோழியப் போட்டான், எறங்குனான். எல்லாரும் கேசரியத் தின்னுட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டாவ. நான் சாயங்காலம் வரை காத்துக்கிடந்தேன். அவன் ஏறல."

மேளத்துக்கும் தலைப்பாகைக்கும் கேசரிக்கும் ஏற்பாடு செய்த அத்தனை அதிகாரிகளில் ஒருவருக்கும், ஏறவே போகாத ஆளை எதற்குச் சோழி போடச் சொல்கிறோம் என்று தோன்றவில்லை. சடங்கு என்றால் அப்படித்தான், நாம் அதை விளையாட்டுக்குச் செய்தாலும் அது நம்மை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

"விட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே மாமா?"

"உள்ள ஆளு இருக்கும்போது கட்ட விட்டா அது கொலை. எங்க வம்சத்துல ஒரு உசுரக்கூட சுறாவுக்குக் குடுத்ததில்ல. மக கல்யாணத்துக்குப் போவல. மாப்பிள்ள போட்டுல வந்து கால்ல விழுந்துட்டுப் போனாரு, அதுவும் ரெண்டு மந்திரத்துக்கு நடுவுல. பேத்திக்கு நாலு வயசு, படத்துலதான் பாத்திருக்கேன். அதான் இந்தப் பயல எப்பிடியாச்சும் மேல தூக்கிவிட்டுருவோம்னு பாக்குதேன். ஒரு தடவ மேல வந்து சோழிய எடுத்துட்டு, மறுநா திருப்பிப் போட்டாக்கூடப் போதும். நடுவுல ஒரு ராத்திரி தூங்கிக்கிடுவேன். வீம்பு பிடிச்சவன், வரவே மாட்டேங்கான்."

ஜெசிந்தா ஈட்டியைக் கீழே வைத்தாள். "அவங்க வர முடியாது மாமா. நுரையீரலு சுருங்கிட்டு. மேல வந்தா கால் மணி நேரத்துல செத்துருவாங்க. துறை ரகசியம், வெளிய சொல்லக்கூடாதுன்னு..."

சொரிமுத்து மடியிலிருந்த சிரட்டையை மணலில் இறக்கி வைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் ஏழு வருசமா ஒரு மனுசனக் கொல்லவா பாத்திருக்கேன்?" என்றார். "இருநூத்திப் பதினோரு தடவ?" குரல் உடைந்துவிட்டது. உலகம் முழுக்க அவரைக் கொடியவன் என்றபோது அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. அன்றுதான் முதன்முறையாக நம்பினார்.

கிளம்பும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "நீயும் தைச்சுக்கிடப் போறியாமே?"

அவள் வத்தையின் கயிற்றை அவிழ்த்தாள். சட்டைப்பையிலிருந்து அவளுடைய சோழியை எடுத்துப் பார்த்துவிட்டு அவர் மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார். கஸ்பாருக்கு வயது நாற்பத்தொன்று. ஜெசிந்தாவுக்குப் பத்தொன்பது. ஒரு ஆள் எத்தனை வருடம் தூங்காமல் இருக்க வேண்டும் என்ற கணக்கை வத்தையில் திரும்பும்போது அவள் போட்டுப் பார்த்தாள். பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

வியாழக்கிழமை கடலடியில் கஸ்பார் அட்டைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அண்ணாச்சி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டாம் வருசமே தெரியும்ட்டி." கையிலிருந்த அட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். "ஒரு பேய்க்கணவாய் வந்துச்சு. எட்டுக் கையிலயும் எட்டுச் சிலேட்டு. ஏழு சிலேட்டுல அந்தாளு எல்லாக் கதையும் எழுதியிருந்தான். எட்டாவது பதிலுக்கு. பலப்பம்கூட வச்சு அனுப்பியிருந்தான்."

"என்ன எழுதுனீங்க?"

"ஒண்ணும் எழுதல. கணவாய் ரெண்டு நாளு காத்துக்கெடந்துட்டுப் போயிட்டு."

"ஏன் அண்ணாச்சி?"

மாவீரர் தன் அங்கவஸ்திரத்தின் நுனியைப் பிடித்து முறுக்கினார். "எனக்குச் சுறான்னா பயம்ட்டி. அன்னைக்குக் குத்தவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயத்துல கைய வீசுனேன், மூக்குல பட்டுட்டு. அது வாயத் தொறக்கல. மேல இருந்து படம் எடுத்துட்டாவ. அவன் கட்ட விட்டான்னா நான் எத்தன நாளு இருப்பேன்? மேல போனா காத்து கொல்லும், கீழ இருந்தா சுறா கொல்லும். எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? பதில் எழுதுனா அவன் மனுசனாயிருவான். மந்திரவாதியாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அவரு தூங்கி ஏழு வருசமாச்சு."

"தெரியும்னுதான சொல்லுதேன்!" என்று கஸ்பார் கத்தினார். பிறகு திரும்பிக்கொண்டு, அட்டைகளை மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜெசிந்தா கடலுக்குள் இறங்கவில்லை. திட்டுக்குப் போய், நாற்காலியின் முன்னால் நின்று, "நீங்க தூங்குங்க மாமா. இன்னைக்கு நான் சொல்லுதேன்" என்றாள்.

"ஒரே மூச்சுல சொல்லணும். முக்கா நிமிசம். உன்னால ஆவாது."

"எழுதிக் குடுங்க."

உள்ளங்கையில் பேனாவால் எழுதி வாங்கிக்கொண்டாள். பம்ப்பை இரண்டு தரம் அடித்துவிட்டு, கால்களைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்து, குடத்தின் பக்கம் குனிந்தாள். கால் தண்ணீரில் இருந்தால்தான் கரண்ட் சுற்றி வரும், எடுத்தால் குடம் செத்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். கடலடியில் இருக்கும் கஸ்பாரோடு பேசத் தன் காதுக் கருவியையும் குடத்தின் ஒயரில் மாட்டியிருந்தாள். நெஞ்சுக்குள் பூனை கத்தியது. கடைசி வரி வரும்போது கண்ணில் பூச்சி பறந்தது. ஆனாலும் சொல்லி முடித்தாள்.

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த சொரிமுத்து, "கட்டு விழுந்துட்..." என்றார். சொல்லை முடிப்பதற்குள் மணலில் சரிந்து தூங்கிப்போனார். அவள் குடையை விரித்து அவர் முகத்துக்கு நேராக நட்டு வைத்தாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதில்லை என்பதை அவள் அப்போது தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னதும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை பெரிய உலகத்தில் அவளுக்கு நல்ல மூச்சு கிடைத்த இடம் கடலடி ஒன்றுதான்.

ஏழு மணிக்குச் சொன்னாள். எட்டு மணிக்குச் சொன்னாள். மத்தியானம் வெயிலில் மூச்சு இன்னும் மோசமானது. இரண்டு மணிக்குக் கடைசி வரி வரவே இல்லை, அலாரத்தைத் தட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். சொரிமுத்து புரளக்கூட இல்லை. நாலு மணிக்குச் சொல்லி முடித்து, முழங்காலில் தலையைச் சாய்த்து இளைத்துக்கொண்டிருந்தபோது குடத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏட்டி."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அவன் எங்க?"

"தூங்குதாரு."

"நீ எதுக்குட்டி இதச் சொல்லுத? உனக்கு இளைக்கது இங்க பதினெட்டு பாகத்துக்குக் கேக்கு."

"யாராச்சும் சொல்லணும்லா."

"எத்தன நாளைக்கு?"

"நீங்க இருக்க வரைக்கும்."

"காலையில இருந்து பதினோரு தடவ. ரெண்டு மணிக்கு உனக்கு கடைசி வரி வரல. நான் இங்க கெடந்து துடிச்சுப் போயிட்டேன். சுறாவ நெனச்சு இல்லட்டி. அந்த மூச்சு திரும்பி வருமான்னு" என்றார் கஸ்பார். "அவனும் ஏழு வருசமா இப்பிடித்தான் சொல்லியிருப்பான். எதிரின்னு நெனச்சுக்கிட்டா எதுவும் காதுல விழ மாட்டேங்கு. என் சோழிய எடு."

"நீங்க ஏறலயே அண்ணாச்சி!"

"எறங்குனவன் கஸ்பாரு. அவனுக்கு நுரையீரலு இருந்துச்சு. இங்க கெடக்கதுக்குச் செவுளுதான் இருக்கு. மீனுக்கு எதுக்குச் சோழி? வாயால சொல்லணும்னான்லா, கேட்டுக்க. ஏறியாச்சு."

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஏறியாச்சுங்கேன்லா. எடுட்டி."

அவள் அழுதுகொண்டே சிரட்டையை எடுத்தாள். ஏழு வருட உப்பில் சோழி அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பெயர்த்துத்தான் எடுக்க முடிந்தது. சொரிமுத்துவை எழுப்பவில்லை, எழுப்பினால் அவர் விடமாட்டார். ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. அதை அமர்த்திவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள்.

ஐந்தே காலுக்கு, "வருது" என்றார் கஸ்பார். "மூணு. ஒண்ணு பெருசு."

"ஓடாதீங்க. ஓடுனா தொரத்தும்."

"எங்கட்டி ஓட? பெருசு நேரா வருது. வாயத் தொறக்குதுட்டி. தொறந்துக்கிட்டே..."

குடத்தில் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று முறை கூப்பிட்டாள். நான்காவது முறைக்கு மூச்சு இல்லை.

"கொட்டாவி விடுதுட்டி!" குடத்துக்குள் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். "ஏழு வருசக் கொட்டாவி! அம்மாடி, எத்தன பல்லு! அங்கவஸ்திரத்தப் பாதியக் கடிச்சுக்கிட்டுப் போயிட்டு."

"மூக்குல குத்துனீங்களா?"

"குத்தல. கும்பிட்டேன்." அவர் பல் அடித்துக்கொள்வது கேட்டது. "போவலட்டி, சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. பேசிக்கிட்டே இரு."

அலாரம் அடங்கிவிட்ட அமைதி சொரிமுத்துவை எழுப்பியது. வெறும் சிரட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பதறி எழுந்தார். கடலடியிலிருந்து கஸ்பாரின் குரல் கேட்டதும் கொஞ்சம் நின்று கேட்டார். "அவனே சொன்னானா? வாயால?" என்றார். ஜெசிந்தா தலையாட்டினாள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"வத்த நிக்கு மாமா. வீட்டுக்குப் போங்க. பேத்தி தூங்குறதுக்கு முன்னால போயிரலாம். காலையில வத்தையோட யாரையாச்சும் அனுப்புங்க, போதும்."

அவர் வத்தையைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தவர், அப்போதுதான் அவள் கால்களைக் கவனித்தார். திட்டை ஒட்டி, முழங்கால் ஆழத்தில், ஒரு கறுத்த நிழல் மெதுவாக வளைந்து திரும்பிக்கொண்டிருந்தது.

"ஏட்டி! கட்டு இல்லாத கடலு! கால எடு!"

"எடுத்தா அண்ணாச்சிக்கு நான் பேசுறது கேக்காது" என்றாள் ஜெசிந்தா. பம்ப்பை ஒரு தரம் அடித்துக்கொண்டு குடத்தின் பக்கம் குனிந்தாள். "இங்கனதான் இருக்கேன் அண்ணாச்சி. இப்ப எந்தப் பக்கம் வருது, சொல்லுங்க."